விசில் பாட்டும் வசந்தியின் பெட்டியும்

ஒலி மிக்ஸருக்குப் பின்னால் உட்காரப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த மைக்கை எங்கே வைப்பது, எந்தக் குமிழை எவ்வளவு திருகுவது என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். என் காலத்துச் சாமான்கள் இன்று கராஜ் சேலில்கூட விலை போகாது. நீங்கள் ஐபேடைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கு முழுவதும் உலாவியபடியே வேலையை முடித்துவிடுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது வேறு. அரங்கமே "சவுண்டை ஏற்று" என்று கத்தும்போது உங்கள் கை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூ ஜெர்சியில் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வார நாட்களில் ஹோட்டல்களில் கம்பெனி மீட்டிங்குகள். வாரக் கடைசியில் நம்மவர்களின் கல்யாணம், அரங்கேற்றம், கச்சேரி, பட்டிமன்றம். பட்டிமன்றத்துக்கு மைக்கே தேவையில்லை என்பது என் சொந்தக் கருத்து.

பிரிட்ஜ்வாட்டர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன இசை மன்றம் நடத்தின. அதன் தலைவர் டாக்டர் பழனிசாமி. ஈரோட்டுக்காரர், இதய மருத்துவர், எதற்கும் பதறாதவர். நியூயார்க்கில் எங்கோ ஒரு கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, துவா நாட்டுப் பாடகர்கள் நாலு பேரை நம் மன்றத்துக்கு அழைத்துவிட்டேன் என்று கமிட்டியில் போட்டு உடைத்தார். துவா எங்கே இருக்கிறது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. சைபீரியாவின் தெற்கே, மங்கோலியாவை ஒட்டி இருக்கிறது என்று அவரே சொன்னார்.

"ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு குரல்ல பாடறானுங்க. ஒண்ணு கீழ உறுமுது, ஒண்ணு மேல புல்லாங்குழலாட்டம் போகுது. நம்ம ஜனங்களும் ஒருக்கா கேக்கட்டுமுங்க" என்றார்.

இதற்கு யார் வருவார்கள் என்று கமிட்டி முனகியது. முதலில் குழந்தைகள் நடனம், பிறகு துவாக்காரர்கள், கடைசியில் இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினிலிருந்து வரவழைத்த சாப்பாடு என்று டாக்டர் வரிசை போட்டார். நடனம் ஆடும் குழந்தையின் அப்பா அம்மா வராமல் இருக்க முடியுமா? ஹைஸ்கூல் ஆடிட்டோரியம் நிரம்பிவிட்டது.

இந்த இடத்தில் வசந்தியையும் அவளுடைய பெட்டியையும் அறிமுகப்படுத்த வேண்டும். வசந்தி ஒரு டெலிபோன் கம்பெனியில் என்ஜினியர். மன்றத்தின் ஒலிக் கருவிகள் அவள் பொறுப்பில் இருந்தன, மிக்ஸரில் உட்காருவது நான். ஸ்பீக்கரின் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கிக் கூவுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் வித்வான்களுக்குத் தங்கள் முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் காது கிழிய ஒலிக்க வேண்டும். ஏற்றிக்கொண்டே போனால் மைக் கூவாமல் என்ன செய்யும்? அதற்காக வசந்தி மன்றத்தை வற்புறுத்தி ஒரு பெட்டி வாங்க வைத்திருந்தாள். கூர்மையான ஒற்றைச் சத்தம் எங்கேயாவது கிளம்பினால் அந்தப் பெட்டி அதைப் பிடித்து அமுக்கிவிடும். ஒவ்வொன்றைப் பிடிக்கும்போதும் வரிசையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டியை அணைக்கும் வரை அப்படியே இருக்கும்.

"இத on பண்ணிட்டா மைக் கத்தவே கத்தாது அங்கிள். நீங்க நிம்மதியா காபி சாப்பிடலாம்" என்பாள்.

பொய் இல்லை. அந்தப் பெட்டி வந்த பிறகு எத்தனையோ கச்சேரிகளில் நான் நிம்மதியாகக் காபி சாப்பிட்டிருக்கிறேன். பெட்டியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

துவாக்காரர்கள் வந்தார்கள். நீளமான பட்டு அங்கி, கூம்புத் தொப்பி, தோல் காலணி. நாலு பேரில் மூத்தவர் சாயான், அவர்தான் குழுத் தலைவர். மெர்கன் என்பவருக்கு முப்பது வயது இருக்கும், நீல அங்கி போட்டிருந்தார். விசில் மாதிரி மேலே போகும் அந்தப் பாட்டு அவருடைய பங்கு. அவரைக் கேட்கத்தான் ஜனங்கள் வருவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடவே லேனா என்றொரு மாணவி, மொழிபெயர்ப்புக்காக.

விமானத்தில் வந்ததிலிருந்து மெர்கனுக்குச் சளி. அதனால் ஒலி சரிபார்க்கும்போது தொண்டையைச் செலவழிக்காமல் லேசாக முனகிவிட்டு எழுந்துவிட்டார். மானிட்டர் போதுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வேறு ஏதாவது வேண்டுமா? வேண்டாம்.

நம் வித்வான்களை உங்களுக்குத் தெரியும். ஒரு குறை இருந்தால் வர்ணம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பாட்டுக்கு நடுவில் ஏற்று என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்கள். அதற்கும் நாம் அசையவில்லை என்றால் மைக்கிலேயே நம் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். இப்படித் திட்டு வாங்கியே வளர்ந்ததால், வாய் திறக்காத கலைஞரைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது எங்களைப் போன்றவர்களின் பழக்கம். துவாக்காரர்கள் மேடையில் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் பாட்டு சாயானுடையது. வயிற்றின் அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்ன சார், gargle பண்றாங்களா?" என்றார். ஆனால் கூட்டம் கேட்டது. கைதட்டலும் விழுந்தது.

அடுத்து மெர்கன். இரண்டு தந்தி வைத்த ஒரு வாத்தியத்தை மடியில் நிறுத்தி, வில்லை இழுத்து, அடிக்குரலைப் பிடித்தார். அதன் மேலே விசில் கிளம்பியது. மெல்லிய கம்பியை இழுப்பது போல ஒரு சத்தம். மேல் ஏறும்போது காணாமல் போனது. அவர் இன்னொரு சுரத்துக்குப் போனார். அதுவும் வந்த கையோடு மறைந்தது. அடிக்குரல் மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாக ஒலித்துக்கொண்டிருந்தது. மெர்கன் கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினார். நெற்றியில் வியர்வை. பாட்டை எப்படியோ முடித்து, தொண்டையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சளி என்று நினைத்தேன். அவருக்கு உதவுவதாக எண்ணி மானிட்டரை ஏற்றினேன். அவருடைய அடுத்த பாட்டு இன்னும் மோசமாகப் போனது. பாதியில் அவர் விசிலை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் வாசித்தார்.

இடைவேளை விட்டார்கள். அவர்களுக்கு ஒதுக்கியிருந்த வகுப்பறைக்குப் போனேன். சிறுபிள்ளை நாற்காலி போன்ற ஒன்றில் மெர்கன் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்றத்து மாமி ஒருவர் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார்.

"மிளகு ரசம்ப்பா. Drink, drink. தொண்டைக்கு நல்லது."

அவர் மறுக்காமல் குடித்தார். கண்ணில் நீர் வந்தது, மிளகாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

லேனா என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போய் விவரம் சொன்னாள். குரல் போய்விட்டது என்று மெர்கன் சாயானிடம் சொல்லிவிட்டார். அவர்கள் ஊரில் இப்படி அழுத்திப் பாடிக் குரல் போனவர்கள் உண்டாம். போனால் திரும்பி வராதாம். இரண்டாம் பாதியில் அவர் வாத்தியம் மட்டும் வாசிப்பார். அடுத்து டெக்சாஸில் நடக்கப்போகும் கச்சேரிகளில் அவருடைய பாட்டுகளை இன்னொருவர் பாடுவார். மெர்கனும் சரி என்றுவிட்டார்.

நான் மிக்ஸருக்குத் திரும்பி வந்தபோது வசந்தி பெட்டியின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிள், இங்க பாருங்க. Soundcheck முடிஞ்சப்போ ஒரு லைட்தான் எரிஞ்சுது. இப்போ எல்லாமே எரியுது. ஆனா மைக் ஒரு தடவைகூட கத்தலையே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூவும் மைக்குக்கும் விசிலடிக்கும் மனிதனுக்கும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. மெர்கன் ஒரு சுரத்தைத் தொடுவார், பெட்டி அதைப் பிடித்து அமுக்கும். அவர் அடுத்ததற்குப் போவார், அதையும் அமுக்கும். நான் மானிட்டரை ஏற்றியதில் அவருடைய அடிக்குரலே அவர் காதை அடைத்துவிட்டது. மிச்சமிருந்த விசிலும் அதில் மூழ்கிப்போனது. அவர் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஐயோ, நான்தான் அங்கிள் அந்தப் பாவி" என்றாள் வசந்தி.

"பாவ புண்ணியத்தை அப்புறம் பாக்கலாம். வா."

மேடைக்குப் பக்கவாட்டில் நால்வரும் தயாராக நின்றிருந்தார்கள். லேனாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவள் மெர்கனிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். என் தோளைத் தட்டினார். நாங்கள் ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். நல்ல மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

சாயானிடம் பேசினேன். அவர் சொன்னதை லேனா அப்படியே சொன்னாள். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் இன்னொரு முறை இத்தனை பேர் முன்னால் அது வராமல் போனால் அவன் பிறகு வாயே திறக்க மாட்டான், நான் அவனைப் பாடச் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும் நீங்கள். கோளாறு தெரிந்துவிட்டது. கோளாறைச் சரி செய்தால் நம் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. அந்த ஆள் தன் குரல் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு மேடையேறுகிறார். நாம் சொல்லி அவர் நம்பப் போவதில்லை. அவர் காதே அவருக்குச் சொல்ல வேண்டும்.

"பெட்டிய off பண்ணிடவா?" என்றாள் வசந்தி.

"இரு. இந்த volume-ல off பண்ணினா மைக் கூவி அரங்கமே காதைப் பொத்திக்கும். மொதல்ல இறக்கணும்."

"எவ்ளோ?"

"முழுசா."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நம் கூட்டத்தில் மைக் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். முன்வரிசை திரும்பிப் பார்க்கும், நடுவரிசை ஊர்க்கதை பேச ஆரம்பிக்கும், பின்வரிசை எழுந்து காபியைத் தேடிப் போகும். ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது என்று முடிவு செய்தேன். கூட்டம் காதைத் தீட்டிக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. முதல் பாட்டில் யாருக்கும் தெரியாமல் இறக்கினேன். இரண்டாவதில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, "மைக்!" என்று. இன்னொருவர், "Sound பத்தல!" யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். ஒரு மனிதர் எழுந்து நின்று என்னைப் பார்த்து இரண்டு கையாலும் ஏற்று ஏற்று என்று சைகை காட்டினார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

டாக்டர் பட்டு ஜிப்பா பறக்க ஓடி வந்தார். பதறாத மனிதர் பதறிப்போயிருந்தார்.

"ஏனுங்க சுந்தரம், சுத்தமா கேக்க மாட்டேங்குது. ஏத்துங்க."

"ஏத்தினா அவர் பாட மாட்டார் டாக்டர்."

"யாருங்க?"

"ஓரத்துல நீல அங்கி. அவர் குரல் போகல, நம்ம பெட்டிதான் முழுங்கிட்டிருந்தது. அது அவருக்குத் தெரியணும். இன்னும் ரெண்டு பாட்டு பொறுங்க. அப்புறம் என்ன வேணா திட்டுங்க."

அவர் என்னையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே நிச்சயம் இல்லை. நான் நினைத்தது தப்பாக இருந்து, அவருக்குச் சளியால் நிஜமாகவே குரல் கட்டியிருந்தால், கச்சேரியைக் கெடுத்த சவுண்ட்காரன் என்று ஜெர்சி முழுக்க என் பெயர் நாறும். டாக்டர் நேராக முன்வரிசைக்குப் போனார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று உதட்டில் விரலை வைத்தார்.

இதய மருத்துவர் அப்படி நின்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பேச்சு நின்றது. ஓடிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பிடித்து மடியில் இருத்தினார்கள். "அம்மா, ஒய் இஸ் இட் ஸோ க்வயட்?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். "ஷ்ஷ், பாட்ட கேளு" என்றாள் அம்மா. நான் கடைசிக் குமிழையும் அடிவரை இறக்கினேன். வசந்தி பெட்டியை அணைத்தாள். அந்த அரங்கில் இப்போது நாலு மனிதர்களின் சத்தம் மட்டும், நம்முடையது எதுவும் இல்லை.

கடைசிப் பாட்டு. மூன்று பேர் பாட, மெர்கன் வாத்தியம் வாசித்தார். நடுவில் எல்லோரும் சேர்ந்து உறுமும் ஓர் இடம் வந்தது. வாயை மூடி வைத்துக்கொள்ள முடியாமலோ என்னவோ அவரும் சேர்ந்துகொண்டார். தன் குரல் பின்சுவர் வரை போய்த் திரும்பி வருவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையைச் சாய்த்தார், சந்தேகப்படுகிறவர் மாதிரி. மறுபடி அடிக்குரலைப் பிடித்து, அதன் மேல் மெல்ல விசிலை வைத்துப் பார்த்தார். ரொம்பச் சின்னதாக. இருட்டில் காலால் படியைத் தேடுவது போல. அது மறையவில்லை.

ஒரு சுரம் மேலே போனார், அதுவும் நின்றது. இன்னும் மேலே. சாயான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பாட்டை நிறுத்திக்கொண்டார், மற்றவர்களையும் கையால் நிறுத்தினார். பிறகு அந்த அரங்கில் மெர்கன் மட்டும் பாடினார். கீழே உறுமல், மேலே விசில், இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து, கடைசி வரிசை வரை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருட வேலையில் நான் ஒன்றுமே செய்யாமல் கேட்ட பாட்டு அது ஒன்றுதான். சந்தோஷமாக இருந்தது.

கைதட்டல் எப்படி இருந்தது என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். எழுந்து நின்று சைகை காட்டிய அந்த மனிதர் வந்து, "கடைசியில mic சரி பண்ணிட்டீங்க போல, சூப்பர் சார்" என்று பாராட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போனார். நான் நன்றி சொன்னேன். நம் தொழிலில் கிடைக்கிற பாராட்டு பெரும்பாலும் இந்த ரகம்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் சாப்பிடப் போன பிறகு மெர்கன் லேனாவைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். அந்தப் பெட்டி எது என்று கேட்டார். வசந்தி காட்டினாள். ஒரு மைக்கையும் ஒரு ஸ்பீக்கரையும் வைத்துப் பெட்டியைப் போட்டாள். அவர் குனிந்து மைக்கில் விசிலைக் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, ஸ்பீக்கரில் விசில் காணாமல் போனது. இன்னொரு சுரம் கொடுத்தார். இன்னொரு விளக்கு. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடச் சொன்னார். மறுபடி விசில், மறுபடி விளக்கு. அவர் முழுக்க நம்புவதற்கு அதைப் பல முறை பார்க்க வேண்டியிருந்தது. பிறகு சாயானைக் கூப்பிட்டுக் காட்டி, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வசந்தி "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மெர்கன் ஒயர் வைக்கும் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து லேனாவிடம் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன்.

இடைவேளையில் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து, ஊருக்குத் திரும்பினால் என்ன வேலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். மனைவியின் அண்ணன் ஒருவர் லாரி ஓட்டுகிறார். அவரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று முடிவே செய்துவிட்டாராம்.

வசந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. லாரி ஓட்டத் தெரியுமா என்று அவரிடம் கேட்கும்படி லேனாவிடம் சொன்னேன்.

தெரியாது, கற்றுக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்றார்.